ஜாய்ஸும் வத்தலகுண்டும்

கோடைக்கானலுக்குப் போகிற பஸ், பழனி மலை ஏறுவதற்குமுன் வத்தலகுண்டில் நிற்கும். பிரயாணிகள் காப்பி குடித்துவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறிக்கொள்கிறார்கள். அந்தச் சின்ன ஊருக்குத் தமிழ் நாவலில் உள்ள பாத்தியதை பெரியது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் 1872இல் பிறந்தது அங்கேதான். 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாவும் அவ்வூர்க்காரர். சி.சு. செல்லப்பாவுக்கும் அதுவே சொந்த ஊர்.

செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது ஜாய்ஸ் செய்தது, இங்கே இறக்குமதிச் சரக்கு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நனவோடை என்ற உத்தி மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. டப்ளின் நகரத்தில் 1904ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதி என்ற ஒரே நாளில், சில பேருடைய மனங்களில் ஓடுவதை வைத்துக்கொண்டு, எழுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு நாவல் எழுதினார் ஜேம்ஸ் ஜாய்ஸ். 'யுலிஸிஸ்' 1922இல் வெளிவந்தது. ஆனால் ஓர் உத்தி எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்தத் தேவைக்கு வந்தது என்று கேட்பதே விமர்சனத்துக்கு அழகு.

ஜாய்ஸின் புளூம் பத்திரிகைக்கு விளம்பரம் சேகரிக்கிறவன். அன்று பிற்பகல் தன் மனைவியைப் பார்க்க வேறொருவன் வரப்போகிறான் என்று அவனுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் துணிவில்லை. ஆகவே மனம் சுற்றி வளைத்து ஓடுகிறது. சோப்பு வாங்கினாலும், சவ ஊர்வலத்தில் போனாலும், நினைவு திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே போய் முட்டுகிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று உள்ளே இருப்பதால்தான் அங்கே நனவோடை.

இப்போது சாவித்திரியைப் பாருங்கள். இளம் விதவை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புருஷன் வீட்டாரிடமிருந்து ஜீவனாம்சம் பெற வழக்கு. வழக்கு அவளுக்காக, பேச்சு மட்டும் மற்றவர்களுடையது. நம் குடும்பங்களில் அந்த நிலையில் இருந்த பெண்ணை யார் அபிப்பிராயம் கேட்டார்கள்? அவளுடைய நியாயத்தை எழுத விரும்புகிற நாவலாசிரியனுக்கு அவள் மனத்தைத் தவிர வேறு இடமே இல்லை. கருவி டப்ளினுடையதாக இருக்கலாம். தேவை நம் வீட்டுக் கூடத்தினுடையது.

கருவியைக் கையாண்ட விதமும் வேறு. ஜாய்ஸ் வாக்கியத்தையே உடைக்கிறார். மாலியின் கடைசி அத்தியாயத்தில் நிறுத்தக் குறிகளே அநேகமாக இல்லை. செல்லப்பா வாக்கியத்தில் கை வைக்கவில்லை. காலத்தை மட்டும் கலைத்துப் போடுகிறார். இன்றைய நினைவு ஒன்று பழைய நினைவை இழுத்துக்கொண்டு வருகிறது.

அவர் உத்தி மோகம் கொண்டவரல்லர் என்பதற்கு 'வாடிவாசல்' சாட்சி. செல்லாயி ஜல்லிக்கட்டில் காரியை அணையப் பிச்சி நிற்கிற ஒரு பிற்பகல்தான் கதை. பேச்சும் செயலுமாகவே நடக்கிறது. அங்கே நனவோடைக்கு வேலையில்லை. அதனால் அவர் கூப்பிடவுமில்லை. வெறும் நகல்காரனாக இருந்தால் கிடைத்த இடத்திலெல்லாம் கைவரிசையைக் காட்டியிருப்பான்.

குறையும் உண்டு. சாவித்திரியின் மனம் சில இடங்களில் அளவுக்கு மீறி ஒழுங்காக யோசிக்கிறது. இரண்டு தரப்பு நியாயத்தையும் தராசில் நிறுத்துப் பார்க்கிறது. மாலியின் நினைவில் உடம்பு இருக்கிறது, ஆசை இருக்கிறது, வெட்கமில்லாத சிரிப்பு இருக்கிறது. சாவித்திரிக்கு அவற்றையெல்லாம் ஆசிரியர் அனுமதிக்கவில்லை. அவள்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. மரியாதை நல்ல குணந்தான். ஆனால் ஒரு மனத்துக்குள் புகுந்து பார்க்கிறவன் அதை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆசையும் கோபமும் கலந்திருந்தால் அவள் முடிவு இன்னும் கனத்திருக்கும் என்பது என் கட்சி.

'யுலிஸிஸ்' அமெரிக்காவில் ஒரு சிறு பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு பாரிஸில் ஸில்வியா பீச் என்ற புத்தகக் கடைக்காரப் பெண்மணியின் துணிச்சலால் புத்தகமாயிற்று. 'ஜீவனாம்சம்' செல்லப்பாவே 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் தொடராக வந்தது. தம் வெளியீடுகளைத் தாமே மூட்டை கட்டிக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றவர் அவர். ஜாய்ஸைப் படித்திராதவர்களும் தயங்காமல் 'ஜீவனாம்ச'த்தை எடுக்கலாம். அவசரமில்லாத ஒரு மாலையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.