கிணற்றின் பழங்கணக்கும் ரெஸ்இன்சைட்டும்

எண்ணெய்த் தேக்கங்களின் சிமுலேஷன் முடிவுகளைப் படமாக வரைந்து காட்டும் ரெஸ்இன்சைட் என்னும் மென்பொருள், நார்வேயின் ஈக்வினார் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்தது என்பதும், மூல நிரலோடு எவருக்கும் இலவசமாகக் கிடைப்பது என்பதும், முப்பரிமாணக் கட்டங்களைத் திருப்பியும் வெட்டியும் காட்டுவதில் வல்லது என்பதும் இத்துறையினர் அறிந்தவையே; ஆதலால் அவற்றை இங்கே விஸ்தரிக்கவில்லை. பல மாதங்களாக அதனோடு பழகியபின் என் மனத்தில் நிலைத்து நிற்பது ஒரே ஒரு விசேஷம்தான். கிணறுகளின் பழைய உற்பத்திக் கணக்கை, மாடலின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடாகச் சேர்த்துவிடாமல், தனக்கென ஓர் உருவமும் ஸ்தானமும் உடைய சாட்சியமாக அது வைத்து நடத்துகிறது.

மாடல் சொல்வது அனுமானம். கிணறு தந்தது பிரத்தியட்சம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதற்காகவே ஹிஸ்டரி மேட்ச் என்னும் நீண்ட உழைப்பு நடைபெறுகிறது. நான் எடுத்துக்கொண்டது வட கடலிலுள்ள வோல்வே எண்ணெய் வயல். 2008 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கி 2016இல் மூடப்பட்ட அந்த வயலின் ஆவணங்களை 2018இல் ஈக்வினாரும் அதன் கூட்டாளிகளும் யாவருக்கும் திறந்துவிட்டார்கள். எக்லிப்ஸ் என்னும் சிமுலேட்டருக்கான மாடலும், கிணறுவாரியான நாட்கணக்கும் மாதக்கணக்கும் அதில் அடக்கம். இத்துறையைக் கற்க விரும்பும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய வித்தியாதானம் இருப்பதாக நான் அறியேன்.

15/9-எஃப்-12 என்னும் கிணற்றின் நாட்கணக்கை ரெஸ்இன்சைட்டில் ஏற்றி, மாடலின் முடிவோடு ஒரே படத்தில் வரைந்தால், மாடல் கோடாகவும் கணக்கு புள்ளிகளாகவும் வந்து நிற்கின்றன. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம்; அப்படியன்று. அலுவலகத்தில் நான் நெடுங்காலம் பயன்படுத்திய, விலை மிகுந்த வேறொரு மென்பொருள், அளந்த புள்ளிகளையெல்லாம் கோட்டால் இணைத்துவிடும். கருவி பழுதுபட்டு மூன்று மாதம் அளவே இல்லாதிருந்தாலும், அந்த இடைவெளியின் மீது ஒரு நேர்கோடு பாலம்போட்டுச் செல்லும்; பார்ப்பவர் அங்கேயும் அழுத்தம் அளக்கப்பட்டதென்றே நம்புவார். புள்ளிகளாக வரைந்தால் இடைவெளி இடைவெளியாகவே தெரிகிறது. வோல்வேயின் நாட்கணக்கில் கிணற்றடி அழுத்தம் பூஜ்யம் என்று பதிவான நாட்களும் உண்டு. சுமார் 3,000 மீட்டர் ஆழத்திலுள்ள தேக்கத்தில் பூஜ்ய அழுத்தம் என்பது அசாத்தியம். அளவு கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். புள்ளியாக வரைந்தால் அவை அடிக்கோட்டில் தனியே கிடந்து தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. இணைத்து வரைந்தாலோ, கிணறு அடிக்கடி மூர்ச்சையடைந்து எழுந்ததுபோன்ற பிரமையே மிஞ்சும்.

இதனினும் நுட்பமானது தேதியின் பிரச்சினை. எக்லிப்ஸ் வகைச் சிமுலேட்டர் ஒரு தேதிக்கு எதிரே எழுதும் உற்பத்தி வேகம் அத்தேதியில் முடிவடையும் காலப்பகுதிக்கு உரியது. ஆகவே அதைச் சரிவாக இழுக்காமல், பின்னோக்கி நீளும் படியாக வரைவதே நியாயம். மொத்த உற்பத்தியைப் புள்ளிக்குப் புள்ளி இணைக்கலாம். இப்படி வரைவதற்கு ரெஸ்இன்சைட்டில் வழியுண்டு. ஆனால் வோல்வேயின் மாதக்கணக்கில் ஆண்டும் மாதமும் மட்டுமே உள்ளன, நாள் இல்லை. ஜனவரி உற்பத்திக்கு ஜனவரி 1 என்று எழுதுவதா, 31 என்று எழுதுவதா? மாதமெல்லாம் வாங்கிய பாலுக்கு மாதக் கடைசியில் கணக்கெழுதும் இல்லத்தரசிக்கு அந்தப் பால் எந்த நாட்களுக்குரியது என்பதில் ஐயமே எழாது. கணிப்பொறிக்கோ நாம் சொன்னாலன்றித் தெரியாது. முதல் தேதியை இட்டுப் படியாக வரைந்தால், ஜனவரியின் எண்ணெய் முழுதும் டிசம்பரின்மேல் போய் விழும். கணக்கு ஒரு மாதம் முந்திக்கொள்ளும். மாடலில் நீர் ஒரு மாதம் பிந்தி வருவதுபோல் தோன்றும். அதைக் கண்டு, பாறையின் ஊடுருவு திறனைக் கூட்டியும் பிளவுகளின் அடைப்பைத் தளர்த்தியும், பஞ்சாங்கத்திலுள்ள பிழையைப் பூமிக்கடியில் திருத்த முயல்வதைப்போல் வியர்த்தமான சிரமம் வேறில்லை.

ஓடிய மணிநேரமும் அவ்வாறே கவனத்துக்குரியது. ஒரு கிணறு 12 மணிநேரம் மட்டும் ஓடி 600 கனமீட்டர் தந்திருந்தால், ஓடிய வேளையில் அதன் வேகம் நாளொன்றுக்கு 1,200 கனமீட்டர். அவ்வேளையில் அளந்த கிணற்றடி அழுத்தம் 1,200க்கு இணையானதேயன்றி 600க்கு அன்று. வோல்வேயின் கணக்கில் ஓடிய மணிநேரத்துக்குத் தனிப் பத்தியே இருக்கிறது. அதைத் திறந்து பாராமல் அழுத்தத்தைப் பொருத்த முனைவது வீண்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எக்லிப்ஸ் வழக்கில், காலவாரி அளவுத்தொடராகிய வெக்டரின் பெயரோடு எச் என்னும் எழுத்துச் சேர்ந்தால் அது பழங்கணக்கு. ஆயினும் அது கிணற்றிலிருந்து நேரே வந்த அளவன்று. நாமே மாதவாரியாகச் சராசரியாக்கி மாடலுக்கு ஊட்டியது. எண்ணெய் வேகத்தைக் கட்டளையாக இட்டு ஓட்டிய மாடலில், எண்ணெய்க் கோடும் அந்த எச் கோடும் அட்சரசுத்தமாகப் பொருந்துவதில் ஆச்சரியமும் இல்லை, பெருமையும் இல்லை. பரீட்சை நடப்பது நீர் விகிதத்திலும், வாயு விகிதத்திலும், கிணற்றடி அழுத்தத்திலுமே. ரெஸ்இன்சைட்டில் எச் வெக்டரையும், வெளியிலிருந்து ஏற்றிய நாட்கணக்கையும் ஒரே படத்தில் சேர்த்து வைக்கலாம். சராசரியின் போர்வைக்குள் எத்தனை நாள் கிணறு மூடிக்கிடந்தது என்பது அப்போதுதான் பிரத்தியட்சமாகிறது. இந்த ஒரு சௌகரியத்துக்காகவே நான் பழைய மென்பொருளை விட்டு இதற்கு வந்துவிட்டேன், திரும்பும் உத்தேசமில்லை.

வரைபட மென்பொருள் செய்வோரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழங்கணக்கை உள்ளே ஏற்றும்போதே, இத்தேதி காலப்பகுதியின் தொடக்கமா முடிவா, இந்தப் பூஜ்யம் உற்பத்தி இல்லாமையா அளவு இல்லாமையா என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடை பெறாமல் கோடு வரையாதிருங்கள். அவர்கள் அதைச் செய்யும்வரையில், வாசகர்களே, கணக்கு எழுதியவரைத் தேடிப்பிடித்து அவ்விரண்டையும் நீங்களே கேட்டுவிட்டு, அதன்பின் மாடலைத் தொடுங்கள்.