இரவு மாத்திரையும் விடிகாலைப் பக்கவாதமும்

காலை ஆறு மணி முதல் நண்பகல் வரை என்பது ஒரு நாளில் கால்வாசி. பக்கவாதம் நேரம் பார்க்காமல் வருவதாக இருந்தால், நூறு பேரில் 25 பேரைத்தான் அந்த ஆறு மணி நேரத்தில் தாக்க வேண்டும். 1998இல் வில்லியம் எலியட் என்ற அமெரிக்க மருத்துவர் 31 ஆய்வுகளில் பதிவான 11,816 பக்கவாதங்களை ஒன்றுதிரட்டிப் பார்த்தார். கணக்கு 37ஐத் தொட்டது. தூக்கத்திலேயே தாக்கி, விழித்த பிறகு தெரியவந்தவையும் காலைக் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனாலும் காலை நேரம் ஆபத்தானது என்பதை நம்பப் போதுமான உடலியல் காரணங்கள் உண்டு.

கண்விழிக்கும் வேளையில் ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது. எழுந்து நின்றதும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்க உடலே வைத்திருக்கும் ஏற்பாட்டை முடக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே வேளையில் கைகோக்கின்றன.

பிரஷர் மாத்திரையைக் காலையில் போடாமல் படுக்கப்போகும்போது போடும் வழக்கத்துக்கு இதுதான் அடிப்படை. வாதம் அழகானது. விடிகாலையில் ஏறப்போகும் அழுத்தத்தை முந்தைய இரவே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். தூக்கத்தில் அழுத்தம் பத்து விழுக்காடாவது இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல். அந்தக் குறையையும் இரவு மாத்திரை சரிசெய்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள்.

2019இல் ஸ்பெயினிலிருந்து வெளியான ஹைஜியா ஆய்வு இந்த எதிர்பார்ப்புக்கு முடிசூட்டியது. ரமோன் ஹெர்மிடா தலைமையில் 19,084 பேரைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். இரவில் மாத்திரை போட்டவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்றார்கள்.

இங்கேதான் சற்று நிதானித்திருக்க வேண்டும். மாத்திரையே போடாதவருக்கு மாத்திரை கொடுத்தால் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் குறைகிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகள் சொன்ன கணக்கு. அதே மாத்திரையைக் காலையிலிருந்து இரவுக்குத் தள்ளிவைப்பதால் மட்டும் அதைவிடப் பெரிய பலன் கிடைக்குமா? ஆய்வு நடந்த முறை குறித்தும் வல்லுநர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் செய்தி அதற்குள் ஊர் சுற்றி வந்துவிட்டது.

பதில் 2022இல் பிரிட்டனிலிருந்து வந்தது. டண்டீ பல்கலைக்கழகத்தின் டாம் மெக்டொனால்டு குழு நடத்திய 'டைம்' ஆய்வில் 21,104 பேர். பாதிப் பேர் காலையில் போட்டார்கள், பாதிப் பேர் மாலையில். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதம், ரத்தநாள நோயால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது மாலைக் குழுவில் 3.4 விழுக்காடு, காலைக் குழுவில் 3.7. வேறுபாடு என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை. அதேசமயம், இரவில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி முதியவர்கள் விழுந்துவிடுவார்கள் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. ஒதுக்கிய நேரத்தைக் கடைப்பிடிக்காதவர்கள்தாம் மாலைக் குழுவில் அதிகம். காலையோ மாலையோ, பலனில் வேறுபாடில்லை என்பதையே கனடாவில் நடந்த பெட்மெட் ஆய்வும் உறுதிசெய்தது.

ஏன் இப்படி ஆயிற்று? ஒரு காரணம் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கிறது. பரவலாகக் கொடுக்கப்படும் ஆம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாள் முழுவதும் உடலில் தங்கியிருக்கும் மருந்துக்குக் காலை ஏது, இரவு ஏது?

அதற்காக உடலின் கடிகாரத்தையே ஒதுக்கிவிட முடியாது. மூளை செல்களைக் காக்கும் மருந்துகள் எலிகளில் வெற்றி பெற்று மனிதர்களில் வரிசையாகத் தோற்றது மருத்துவத்தின் நெடுநாள் புதிர். எலி இரவில் நடமாடும் பிராணி; ஆய்வகமோ பகலில் இயங்குகிறது. அதாவது எலி உறங்கும் நேரத்தில் சோதித்த மருந்தை, பெரும்பாலும் விழித்திருக்கும்போது பக்கவாதம் வந்த மனிதர்களுக்குக் கொடுத்தோம். 2020இல் 'நேச்சர்' இதழில் எங் லோ குழுவினர் மூன்று சிகிச்சைகளை எலிகளின் பகலிலும் இரவிலும் சோதித்தார்கள். பகலில் பலித்தவை இரவில் பலிக்கவில்லை. புதிர் முழுவதும் இதனால் அவிழ்ந்துவிடவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆய்வு செய்தது பெரும்பிழை.

நேரம் உண்மையில் உயிரோடு விளையாடுவது மருத்துவமனை வாசலில்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே கை விழுந்திருப்பவருக்கு எப்போது தொடங்கியது என்று யாரிடம் கேட்பது? அந்த ஒரே காரணத்தால் பலருக்கு ஊசி மறுக்கப்பட்டது. 2018இல் ஐரோப்பாவில் 503 பேரிடம் நடந்த 'வேக்-அப்' ஆய்வு, எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டே பாதிப்பு புதியதா என்று கணிக்கலாம் எனக் காட்டியது. ஊசி போட்டவர்களில் 53.3 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள், போடாதவர்களில் 41.8. மூளைக்குள் ரத்தக்கசிவு சற்றுக் கூடியது என்பதையும் மறைக்கக் கூடாது.

பிரஷர் மாத்திரையை எந்த வேளையில் மறக்காமல் போடுவீர்களோ அந்த வேளையில் போடலாம் என்பதே ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். வீட்டில் யாருக்காவது முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று நினைவுபடுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறுங்கள்; மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.