பக்கவாத்தியம் பேசத் தொடங்கியபோது

ஜாஸ் குழுவில் டபுள் பாஸ்காரருக்கு நெடுங்காலம் ஒரே வேலைதான். ஆவர்த்தத்துக்கு நான்கு அடி எனச் சீராக நடக்க வேண்டும். மற்றவர்கள் அதன்மேல் ஏறி ஆடுவார்கள். டியூக் எலிங்டன் குழுவில் 1939 முதல் 1941 வரை வாசித்த ஜிம்மி பிளாண்டன் இந்த வழக்கத்தை ஓரளவு உடைத்தார். சார்லஸ் மிங்கஸ் இன்னும் உடைத்தார். ஆனால் பாஸைப் பக்கவாத்தியம் என்ற இடத்திலிருந்தே எழுப்பி, பியானோவோடு எதிர்வாதம் செய்யவைத்தவர் ஸ்காட் லஃபாரோ. 1936இல் பிறந்து, 25 வயதில் கார் விபத்தில் மறைந்தவர்.

கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்துவிட்டு, பள்ளிப் படிப்பு முடியும் பருவத்தில்தான் அவர் பாஸைத் தொட்டார். தந்திகளைத் தாங்கும் குதிரையைத் தாழ்த்தினார். வலக்கையின் இரு விரல்களை மாற்றி மாற்றி மீட்டினார். அந்தப் பெரிய கருவியின் மேல் ஸ்தாயியில் கிட்டார்போல் வேகமாக ஓட அவருக்கு வழி பிறந்தது.

பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷன் டிரம்ஸ், லஃபாரோ பாஸ். இந்த மூவர் 1959 டிசம்பரில் பதிவு செய்த ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ தொகுப்பில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ கேட்டால் மாற்றம் புரியும். யார் முன்னே, யார் பின்னே என்று பிரிக்க முடியாது. பாஸ் பாதியில் கேள்வி கேட்கிறது, பியானோ பதிலை இழுத்துப் பிடிக்கிறது, தாளத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் அது தவறுவதில்லை.

ஓராண்டு கழித்து, 1960 டிசம்பரில், ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. இரட்டை நால்வர் குழு; இடப்பக்க ஒலியில் லஃபாரோ, வலப்பக்கத்தில் சார்லி ஹேடன். ஹேடன் அடியில் ஊன்றி நிற்க, லஃபாரோ மேலே பறக்கிறார். பாஸ் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அவர் புகழின் பெரும்பகுதி ஒரே நாளைச் சார்ந்தது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் எவன்ஸின் மூவர் குழு பகலும் இரவுமாக ஐந்து முறை வாசித்ததை ரிவர்சைடு நிறுவனம் பதிவு செய்தது. குடிப்பவர்களின் பேச்சும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும் அதில் கேட்கும். பதினோரு நாளில் லஃபாரோ இல்லை. எவன்ஸ் பல மாதம் மேடைப் பக்கமே வரவில்லை. அந்தப் பதிவுகளிலிருந்து முதலில் வந்த ‘சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்டு’ லஃபாரோவை முன்னிறுத்தியே தொகுக்கப்பட்டது: அவர் இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’பில் தொடங்கி ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடிகிறது. ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் மெல்ல நகரும் பின்னதில் வேகமே கிடையாது. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ தொகுப்பின் ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டிலும் அப்படித்தான், ஓரிரு ஸ்வரத்தோடு நின்றுவிடுகிறார்.

ஆனால் பின்வந்தவர்கள் பலர் பிடித்துக்கொண்டது லஃபாரோவின் வேகத்தைத்தான். எழுபதுகளின் பாஸ் தனிகளில் சில காதை அயர்த்துவதற்கு அதுவே காரணம். 1966இல் எவன்ஸிடம் சேர்ந்து பதினோரு ஆண்டு இருந்த எடி கோமஸ் அந்த மேல் ஸ்தாயி மொழியைச் சொந்தமாக்கிக்கொண்டார். கேரி பீகாக் வேறு வழி. கீத் ஜாரட், ஜாக் டிஜானெட்டோடு 1983 முதல் அவர் வாசித்த மூவர் குழுவில், லஃபாரோவின் விரலைவிட லஃபாரோவின் காதுதான் அதிகம் தெரிகிறது.