ஏடறியாப் பெண்டிரும் வரலாற்றுப் புனைவும்

பெண் கல்வியைக் கருப்பொருளாகக் கொண்ட வரலாற்றுப் புதினங்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்வதைக் காண்கிறோம். அடக்குமுறைக்கு ஆளான பெண் ஒருத்தியின் கையில் நூல் ஒன்று கிடைக்கின்றது, அவள் கற்கிறாள், விடுதலை பெறுகிறாள். இவ்வமைப்பு மலேசியத் தமிழ்ப் பெண்களின் வரலாற்றுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

கோலாலம்பூரில் பெண்களுக்கான கல்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896இலும் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும் தோன்றின. பிரிக்பீல்ட்ஸில் 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமமும் பள்ளிகளை நடத்தியது. தோட்டப்புறத்தின் நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. தாய் பால்மரம் வெட்டச் சென்றபின் தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. கிள்ளான் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கும் நகரத்துக் கான்வென்டுக்கும் இடையே இருந்த தொலைவைக் கல்லளவால் மட்டும் கணக்கிட இயலாது.

இவ்விரு உலகப் பெண்களும் ஓரிடத்தில் சந்தித்தனர். 1943இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையே அவ்விடம். ஆங்கிலப் பள்ளி மாணவியரும் எழுத்தறியாத தோட்டப் பெண்களும் அங்கு ஒரே சீருடை அணிந்தனர். ஆயின் வரலாற்றில் நிலைத்த பெயர்கள் யாருடையவை? கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராக விளங்கிய ராசம்மா பூபாலன் ஆகியோரைப் போன்று கற்றவர்களின் பெயர்களே. அவர்தம் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் உடன் நடந்த தோட்டப் பெண்களின் பெயர்கள் அருகியே பதிவாகியுள்ளன. வாழ்வை மாற்றும் ஆற்றலோடு, எவர் வாழ்வு வரலாறாகும் என்பதை முடிவு செய்யும் ஆற்றலும் கல்விக்கு உண்டு என்பதை இது காட்டுகின்றது.

ஆவணம் கைவிட்ட இடத்தில்தான் புனைவின் பணி தொடங்குகின்றது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 1942-43ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட ரயில் பாதையில் மடிந்த தமிழர்களை நினைவில் நிறுத்தியது. அவரது 'இமயத் தியாகம்' இந்திய தேசிய ராணுவத்தைக் களமாகக் கொண்டது. ஏட்டில் ஏறாத தொழிலாளியை வரலாற்று மாந்தனாக்கியது அவரின் நிலைத்த சாதனை. ஆனால், எழுத்தறியாத பெண் தன்னை எவ்வாறு வரலாற்றில் பதிக்கிறாள் என்பது அந்நாவல்களின் மைய வினா அன்று.

அவ்வினாவிற்கு வடிவத்தாலேயே விடை தேடிய படைப்பு, ராணி மாணிக்கா ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரைஸ் மதர்' (2002). இலங்கையிலிருந்து பதினான்கு வயதில் மணமகளாகக் குவாந்தான் வந்த லட்சுமியின் குடும்ப வரலாறு அது. பேத்தி டிம்பிள் உறவினரின் கதைகளை ஒலிநாடாக்களில் பதிவு செய்கிறாள்; அவளுடைய மகள் நிஷா பின்னர் அவற்றைக் கேட்கிறாள். இங்கே குடும்ப வரலாறு நூலாக அன்றிக் குரலாகக் கையளிக்கப்படுகின்றது, கேட்பதே வாசிப்பாகின்றது. இவ்வுத்தி அந்நாவலின் பெரும்பேறு என்பது நம் கருத்து. ஆயினும் அது ஒரு குமாஸ்தாக் குடும்பத்தின் குரல். தோட்டத்து லயத்தின் குரலன்று.

லயத்தின் குரலை எவ்வாறு பெறுவது? ராஜம் கிருஷ்ணன் இதற்கு வழிகாட்டுகிறார். தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்வை அவர் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக்கினார். அவரை அறிந்த மக்களை நேரில் தேடிச் சென்று, அவர்கள் நினைவில் வைத்திருந்ததைக் கேட்டே அதனை எழுதினார். கற்ற பெண் ஒருத்தி மற்றொரு பெண்ணின் வாழ்வுக்குத் தன் எழுத்தைக் கருவியாகத் தந்த நிகழ்வு இது. கல்வியால் விளையும் ஆற்றல் கற்றவளோடு நின்றுவிடாமல் கல்லாதவளின் பெயரையும் காக்கும்போதே முழுமை பெறுகின்றது.

ஆகவே, நூலால் விடுதலை பெற்ற நாயகியைப் படைப்பது மட்டும் நம் வரலாற்றுப் புனைவுக்குப் போதாது. பள்ளிக்கு அனுப்பப்படாத அக்காளின் உழைப்பால் படித்த தங்கையின் கதையும் எழுதப்பட வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் மூதாட்டியர் பலரிடம் அக்கதைகள் உள்ளன. ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்தம் பேத்தியர் பலர் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அவர்கள் பாட்டியின் அருகில் அமர்ந்து குறிப்பெடுக்கத் தொடங்குவதே, இத்துறையில் நாம் எதிர்நோக்கும் நாவலின் முதல் பக்கம்.