பத்து வயதுத் தோளுக்கு ஒரு துப்பாக்கி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டை தொடங்கும் நாளில் பல பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அங்கே பிள்ளைக்கு முதல் துப்பாக்கி வாங்கித் தருவது ஒரு குடும்ப விழா. அந்த வழக்கத்தின் நிறையும் குறையும் எந்தத் துப்பாக்கியைத் தருகிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

தாத்தாவின் .30-06 துப்பாக்கியை அப்படியே கொடுப்பது பழைய முறை. வளர வளரச் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. பெரியவர்களின் துப்பாக்கியில் விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை சுமார் 13.5 அங்குலம். பத்து வயதுப் பிள்ளை அதைத் தோளில் சரியாகப் பதிக்க முடியாமல், கழுத்தை நீட்டித் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஒருமுறை அடிபட்டால் போதும். அடுத்த தடவை விசையை அழுத்துமுன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாயும். அந்த மான் புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பிள்ளையின் உடம்புக்குப் பொருந்தாத துப்பாக்கிக்கு விலை கொடுப்பது மான்தான்.

இதனால்தான் பலரும் .243 வின்செஸ்டரைப் பரிந்துரைக்கிறார்கள். 1955இல் வந்த தோட்டா; .308 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. உதை .30-06இல் ஏறக்குறைய பாதி. நானும் இதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. ஆறரை கிராம் எடையுள்ள அந்தச் சிறு குண்டு தவறான குறியை மன்னிக்காது. நூறு கஜத்துக்குள், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானை மட்டுமே சுட வேண்டும். மற்றதையெல்லாம் விட்டுவிடச் சொல்வது கூட இருக்கும் பெரியவரின் பொறுப்பு.

பிள்ளை சுமக்க வேண்டுமே என்று மிக இலேசான துப்பாக்கியைத் தேடுவது இன்னொரு பிழை. எடை குறையக் குறைய உதை கூடும். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கும் நல்ல பெயர் உண்டு. ஒரே குண்டுதான் என்றால் பிள்ளை பொறுமையாகக் குறிபார்க்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வெளியே சுத்தியல் உண்டு. சுடாமல் விடும்போது அதைக் கட்டைவிரலால் மெல்ல இறக்க வேண்டும். நவம்பர் குளிரில், கையுறைக்குள் விறைத்த சின்ன விரல் வழுக்கினால் தோட்டா வெடித்துவிடும். வெளியே சுத்தியல் இல்லாத போல்ட் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் அதே பொறுமையைப் பழக்கலாம்.

எந்தத் துப்பாக்கி என்பதைப் போலவே எந்த வயதில் என்பதும் கேள்விதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017இல், பெரியவர் உடனிருந்தால் போதும் என்று வேட்டைக்கான குறைந்தபட்ச வயதையே நீக்கிவிட்டது. இதில் பணக் கணக்கும் உண்டு: 1937ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. வேட்டைக்காரர்கள் குறைந்தால் அந்த வருவாயும் குறையும். அந்தப் பணம் காட்டுக்கு நல்லது செய்திருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக, துப்பாக்கியை முக்காலியில் பூட்டி, அப்பா குறிவைத்துத் தர, ஐந்து வயதுக் குழந்தை விசையை மட்டும் அழுத்துவதை வேட்டை என்று என்னால் ஏற்க முடியாது. துப்பாக்கியைத் தானே தூக்கிப் பிடித்து, பாதுகாப்புப் பூட்டைத் தானே போட்டு, “இப்போது வேண்டாம்” என்று தானே சொல்லத் தெரியும்வரை .22 துப்பாக்கியில் காகித இலக்கைச் சுட்டுப் பழகட்டும். காட்டுக்கு வெறுங்கையோடு கூட வரட்டும்.