பாலையாவின் பயம்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்க எந்தப் படம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஸ்ரீதர் 1964-ல் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. "வெறும் சிரிப்புப் படந்தானே, ஸார்!" என்று முகம் சுளிக்கும் பெரிய மனிதர்கள் உண்டு. அழ வைப்பதுதான் கலை என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்!

அந்நாளையப் படங்கள் பெரும்பாலானவற்றில் ஹாஸ்யம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருந்தது. ஸ்ரீதரும் கோபுவும் அதையே இலை நிறையப் பரிமாறினார்கள். படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ், தகப்பனார் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். கதைக்கு வேண்டிய பயங்கர ஓசைகளை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். எல்லோரும் அவரைத்தான் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ, வெற்றி பாலையாவுடையது என்றே தோன்றுகிறது. கேட்கிறவர் நிஜமாகப் பயப்படாவிட்டால் சொல்கிறவர் வெறும் சேட்டைக்காரர்தானே? எஸ்டேட் முதலாளியின் தோரணையெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் கழன்று, கடைசியில் பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையின் முகம் மிஞ்சுகிறது.

சங்கீதமும் கதையோடு ஒட்டியதே. வேலை போன பையன் முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்துப் பாடுகிறான்; அவனுடைய கோபத்தைக் கும்மாளமாக்கிவிடுகிறார்கள் விசுவநாதனும் ராமமூர்த்தியும்.

குறை இல்லாமலா? காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் நல்ல உடைகளும் பாட்டுகளும் தாராளமாகக் கிடைத்தன. ஹாஸ்யத்தில் மட்டும் பங்கு குறைவு. பெண்களில் அது கொஞ்சம் சிந்தியது சச்சுவின் இலையில்தான்.