கோணேசர் கல்வெட்டும் ஊர்த்தொழிற் பதிவும்

ஓரூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவ்வூரை ஆண்ட மன்னரையும், அங்கெழுந்த கோயிலையும், ஆங்கு நிகழ்ந்த போரையும் பற்றியே எழுதுவர். அவ்வூரில் கலப்பை செய்தவர் யார், மண்வெட்டி அடித்தவர் யார், கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார், அப்பணிக்கு அவர் பெற்ற ஊதியம் யாது என்னும் வினாக்கள் எழுவது அரிது. இவ்வினாக்களுக்கு ஓரளவேனும் விடை கூறவல்ல பழைய நூலொன்று ஈழத்தில் தம்பலகாமத்துக்கு வாய்த்துள்ளது. கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டே அது. பெயரளவிற் கல்வெட்டாயினும், பாட்டும் உரைநடையும் விரவிய ஏட்டு நூலாகவே அது வழங்கி வந்தது. பண்டிதர் இ. வடிவேல் அவர்களின் பதிப்பாக இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் 1993 இல் அதனை வெளியிட்டது.

இந்நூலைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக ஒரே வினாவைச் சுற்றியே நடந்துள்ளது: குளக்கோட்டன் என்பான் யாவன்? அவன் காலம் யாது? நூல் அவனைக் கலியுகம் 512 இல் வைக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலை சாலிவாகன சகாப்தம் 358, அதாவது கி.பி. 436, என்கிறது. திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிக் கல்வெட்டொன்று சோடகங்கன் என்பான் சக ஆண்டு 1145 இல், அதாவது கி.பி. 1223 இல், இங்கு வந்தமையைக் கூறுகின்றது. அவனே குளக்கோட்டன் என்று கொள்ளும் அறிஞர் உளர். கந்தளாய்க் குளத்தைக் கட்டிய பெருமையையோ சிங்கள வரலாற்று மரபு வேறு மன்னர்க்கு அளிக்கின்றது. இவ்வாராய்ச்சிகள் வேண்டியனவே. எனினும், மன்னனைத் தேடும் முயற்சியில் நூலின் பெரும்பகுதி படிக்கப்படாமலே கிடக்கின்றது. அப்பகுதி மன்னனைப் பற்றியதன்று, வேலையைப் பற்றியது.

நூல் கூறும் செய்தி சுருக்கமாக இது: குளக்கோட்டன் திருகோணமலைக் குன்றிற் கோயிலமைத்தான்; அதன் நித்திய நைமித்தியங்கள் குறைவின்றி நடத்தற்பொருட்டுக் கந்தளாய்க் குளத்தைக் கட்டி வயல் நிலம் வகுத்தான்; மருங்கூரிலிருந்து முப்பது குடிகளையும் காரைக்காலிலிருந்து இருபத்தொரு குடிகளையும் கொணர்ந்து முறையே தானத்தார் எனவும் வரிப்பற்றார் எனவும் அமைத்தான்; அவர்களிடையே எழும் வழக்கைத் தீர்த்து நீதி செலுத்துதற்கு மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வருவித்து வன்னிபமாக்கினான். கோயிற் கணக்கு, பண்டாரக் காவல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், விளக்கேற்றல், நெற்குற்றல், ஆடல் பாடல் முதலிய பணிகள் குடிகளிடையே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பணி தவறாதார் வாழ்வரெனவும் தவறினார் தாழ்வரெனவும் நூல் உறுதியாகக் கூறுகின்றது. குன்றின்மேலிருந்த கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்தழித்தனர். பின்னர் கோணேசர் வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிற் புகலடைந்தது; அதனோடு இப்பணிமுறையும் இவ்வூரையே சார்ந்தது.

இத்தகைய பதிவின் நிறையையும் குறையையும் அளவிடுதற்கு வேறொரு நாட்டுப் பதிவோடு அதனை ஒப்புநோக்குதல் பயன்றரும். ஆங்கில நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெலி என்பாரின் டிரெக்டரி எனப்படும் விபரக்கொத்துகள் மாவட்டந்தோறும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்தன. சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் அவற்றில் இடமுண்டு. தேவாலயம் எக்காலத்தது, மண் எத்தகையது, விளைபொருள் யாது, மக்கட்டொகை எவ்வளவு, அஞ்சல் எந்நேரம் வரும், பள்ளியாசிரியர் யார் என்பன முதலில் வரும். அதன்பின் வசதி படைத்த குடியிருப்பாளர் பெயர்களும், அவற்றையடுத்துத் தொழில் நடத்துவோர் பெயர்களும் நிரல்பட நிற்கும்: கொல்லர் இன்னார், சில்லுத் தச்சர் இன்னார், செருப்புத் தைப்பவர் இன்னார், ரொட்டி சுடுபவர் இன்னார், மதுக்கடை நடத்துபவர் இன்னார், சந்தை நாளில் நகருக்குப் பாரவண்டி ஓட்டுபவர் இன்னார். நூறாண்டு கழித்து அவ்வேட்டைப் புரட்டுவோனுக்கும் கொல்லன் பெயர் கிடைத்துவிடுகின்றது.

ஆயினும் அவ்வூரில் மிகப் பலராயிருந்தோர் அவ்வேட்டில் இல்லை. பிறர் நிலத்தில் உழுதும் அறுத்தும் கூலி பெற்ற வேளாண் தொழிலாளரும், பெரிய வீடுகளில் ஊழியஞ்செய்த பெண்களும் விபரக்கொத்தில் இடம்பெறார். கடிதம் எழுதிப் பொருள் வாங்கவும் விற்கவும் வல்லார்க்காக அச்சிடப்பட்ட நூல் அது. வாங்கவும் விற்கவும் இல்லாதவர் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களைக் காண விரும்புவோன் அரசாங்கக் குடிசன மதிப்பையே நாடவேண்டும். 1911 ஆம் ஆண்டு மதிப்பில் வீட்டுத் தலைவன் தன் கைப்பட நிரப்பிய தாள்களே இன்றும் பேணப்பட்டுள்ளன. ஆண்டையின் பெயரும் அடுப்பூதும் சிறுமியின் பெயரும் அத்தாளில் ஒருங்கே நிற்கின்றன.

கோணேசர் கல்வெட்டின் குறை இதற்கு நேர்மாறானது. விபரக்கொத்து ஆளைக் கூறிக் கடமையைக் கூறாது விடுகிறது. கல்வெட்டு கடமையைக் கூறி ஆளைக் கூறாது விடுகிறது. மன்னனும் வன்னிபமும் பெயர் பெறுகின்றனர். நாளும் பூக்கொய்தவன் குடியென்னும் தொகையுள் மறைந்துவிடுகின்றான். அன்றியும், எத்தொழிலும் கோயிலைத் தொடுமளவிற்கே நூலில் இடம்பெறுகின்றது. மடைப்பள்ளிப் பானை நூலின் நோக்குக்கு உரியது; குடிசையிற் கஞ்சி காய்ச்சிய பானை அதற்குப் புறம்பானது. கோயிலுக்கென எழுந்த நூலில் இதனை எதிர்பார்த்தல் முறையோ எனின், முறையன்று. ஆயின் அதனையே ஊரின் முழு வரலாறாகக் கொள்வதும் முறையன்று. பிற்காலத்தார் செய்த பிழை அதுவே. ஒழுங்கு இவ்வாறிருத்தல் வேண்டுமென விதித்த நூலை, ஒழுங்கு இவ்வாறே இருந்ததென அறிவிக்கும் நூலாக அவர் படித்தனர்.

விதிக்கும் நடப்புக்கும் இடையே எத்துணை தூரம் இருத்தல் கூடும் என்பதை, இம்மாவட்டத்தோடு தொடர்புடைய பிறிதொரு நூல் காட்டும். 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, கண்டியரசனின் நாட்டிற் பத்தொன்பதாண்டுகள் கழித்துத் தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681 இல் வெளியிட்ட தன் நூலிற் சிங்கள ஊர்க் கொல்லனை வருணிக்கின்றான். ஊர்கள் கொல்லர்க்கெனப் பங்கிடப்பட்டுள்ளன. உழவர் அறுவடையில் அவர்க்கு நெல் அளக்கின்றனர். இது விதி. நடப்போ வேறு. வழக்கத்துக்கு மேற்பட்ட வேலையாயின் உழவன் கையுறையோடு வரவேண்டும். கொல்லன் சிறு சுத்தியலோடு இருக்கையில் அமர்ந்திருக்க, வந்தவனே துருத்தி ஊதவும் சம்மட்டி அடிக்கவும் வேண்டும். ஏவல் செய்வோனென எண்ணப்பட்டவன், தன் பட்டறையில் தானே ஆண்டையாகிவிடுகின்றான். இத்தகைய காட்சியொன்றேனும் கல்வெட்டில் இல்லை, விபரக்கொத்திலும் இல்லை.

தொழிலின் உள்ளிருந்து எழுதியோரிடமே அது கிடைக்கும். ஆங்கில நாட்டில் ஜோர்ஜ் ஸ்டேர்ட் அத்தகையோர். ஆசிரியப் பணியிலிருந்த அவர் 1884 இல், தந்தை விட்டுச்சென்ற வண்டிப் பட்டறையின் பொறுப்பை ஏற்றார். தாம் அங்குக் கற்றவற்றை 1923 இல் ‘சில்லுத் தச்சரின் பட்டறை’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்குப் பிளந்த ஓக் மரம், வட்டைக்கு ஆஷ் மரம் என்பதும், மரம் ஆண்டுக்கணக்கில் உலரவேண்டும் என்பதும், இரும்புப் பட்டாவைக் காய்ச்சிப் பூட்டும் முறையும் அந்நூலில் உள்ளன. இவற்றினும் மேலான செய்தியொன்றும் உண்டு. வழிவழி வந்த விலையிற் பொருள் செய்துகொடுத்த அப்பட்டறை, கணக்குப் பார்த்தபோது போதிய ஆதாயமின்றி நடந்துவந்தமை தெரியவந்தது. ஊரார் நெடுநாள் துய்த்த மலிவின் சுமையைத் தச்சன் தாங்கியிருந்தான். இவ்வுண்மை எந்த நிரலிலும் அகப்படாது.

இவ்வளவும் கூறியபின் கல்வெட்டுக்குரிய சிறப்பை மறைத்தல் நடுவுநிலைமையாகாது. விபரக்கொத்து ஊரை விலைக்குக் கொடுப்போரும் கொள்வோரும் கூடிய இடமாக மட்டும் காண்கின்றது. கல்வெட்டோ குளம், வயல், குடி, கோயில் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்கின்றது. குளமின்றி வயலில்லை, வயலின்றிக் குடியில்லை, குடியின்றிப் பூசையில்லை. 1986 ஏப்பிரல் 20 இற் கந்தளாய் அணை உடைந்து உயிரும் பயிரும் அழிந்தமை, இப்பிணைப்பு வெறும் பாட்டுப்பொருள் அன்று என்பதைக் காட்டியது. பணிக்கு ஈடாக நிலமுண்டு என்பதையும் நூல் மறைக்கவில்லை. இவ்வகையில் அதன் பார்வை விபரக்கொத்தின் பார்வையினும் அகலமானது.

ஆனால் அப்பிணைப்பின் அழகிற் கண் மயங்குதலும் தகாது. பிறப்பால் வந்த பணியைத் துறக்கும் உரிமை அதில் எவர்க்கும் வழங்கப்படவில்லை. அரசுக்குச் செய்யும் கட்டாய ஊழியம் இலங்கையில் 1832 இற் சட்டத்தால் ஒழிந்தது. வழிவழிப் பணி என்னும் எண்ணமோ அத்தனை விரைவில் ஒழியவில்லை. இன்று கல்வெட்டை மேற்கோள் காட்டுவோர் பலர் தம் குடிக்குரிய முதன்மையையும் மரியாதையையும் நிலைநாட்டவே காட்டுகின்றனர். வேலையைப் பங்கிட எழுந்த நூல் வரிசையைப் பங்கிடும் நூலாகிவிட்டது. தொழும்பு என்னும் சொல் முதலில் உணர்த்துவது உழைப்பை என்பது மறக்கப்படுகின்றது.

மறக்கப்படுவது இஃதொன்று மட்டுமன்று. தம்பலகாமக் குடாவிற் சிப்பி குளித்தோர் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கெலாட் என்னும் அரசாங்க ஆய்வாளர் எழுதினார்; அவர் ஆராய்ந்தது சிப்பியை; குளித்தவனை யாரும் ஆராய்ந்திலர். வயல்தோறும் நீர்ப்பங்கீடு செய்த வட்ட விதானையும், எருமை கட்டிச் சூடு மிதித்தோரும், களத்துக்கெனத் தனிச்சொல் வழங்கிய பேச்சும் எழுத்திற் போதிய அளவு ஏறவில்லை. இயந்திரம் வந்தபின் அச்சொற்களுக்கு வேலையில்லாது போயிற்று. போர்க்காலத்தில், சிறப்பாக 1990 இல், கிழக்கிலங்கைத் தமிழூர்கள் பலவற்றின் குடிகள் சிதறியமையால், தொழிலறிந்த முதியோர் ஒருபுறமும் கேட்டறியவேண்டிய இளையோர் மறுபுறமுமாயினர். மட்டக்களப்பு இவ்வகையிற் சற்றுப் பேறுடையது. 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அந்நாட்டு மக்களின் வழக்குகளையும் சொற்களையும் பாடல்களையும் ஓரளவு காத்துத் தந்துள்ளது.

தம்பலகாமத்துக்கும் அத்தகைய நூல் வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கல்வெட்டு வகுத்த பணிகள் ஒவ்வொன்றையும் தலைப்பாக வைத்து, அப்பணியை இறுதியாகச் செய்தவர் பெயர், அவர் கையாண்ட கருவி, அவர் பெற்ற நெல்லின் அளவு, அவர் அத்தொழிலை விட்டமைக்குக் காரணம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டெழுதினாலே போதும். கல்வெட்டு விட்ட வெற்றிடம் அதனால் நிரம்பும். ஆசிரியரும் மாணவரும் ஒரு விடுமுறைக் காலத்திற் செய்யத்தக்க பணி இது. குளக்கோட்டன் காலத்தை அறுதியிட இன்னும் நூறாண்டு ஆகலாம். அவ்வாராய்ச்சிக்கு உரிய கல் காத்திருக்கும். களத்திற் பொலி தூற்றிய முதியவரின் நினைவு காத்திராது.